ஏழாம் குழியில் விழுந்த அடி

என் டிரைவரை நம்ப முடியவில்லை என்று ஒருமுறை அலுவலகத்தில் புலம்பினேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் என்னை மரியாதையோடு ஏறிட்டுப் பார்த்தாள். கார் ஓட்ட ஆள் வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. பாசிர் ரிஸ்ஸில் அரசாங்க அடுக்குமாடியில் நான்கறை வீட்டில் இருப்பவளுக்குக் கார் இருப்பதே பெரிய விஷயம், அதற்கு ஆள் வேறா?

நான் சொன்னது கோல்ஃப் மட்டையை. பையில் இருப்பதிலேயே நீளமானது, தலை பெருத்தது. ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை, பந்தை வெகுதூரம் அனுப்ப வேண்டிய அடியை, பெரும்பாலும் அதனால்தான் அடிப்பார்கள். என்னிடம் இருந்தது பத்துத் தடவை அடித்தால் ஐந்து தடவை நேராகப் போகும். மீதி ஐந்து தடவை பாதித் தூரம் ஒழுங்காகப் போய்விட்டு, வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததைப் போலத் திடீரென்று வலப்பக்கம் திரும்பிவிடும். எந்த ஐந்து என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லாது.

இந்த விளையாட்டின் மீது எனக்குப் பக்தி எதுவும் கிடையாது. சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஆண்கள் வெள்ளிக்கிழமை மதியம் கோல்ஃப் மைதானத்துக்குப் போவார்கள், திங்கட்கிழமை காலை முடிவுகளோடு திரும்பி வருவார்கள். யாருக்கு எந்தப் பிரிவு, யாருடைய சரக்குக்கு முதலிடம் எல்லாம் அங்கேயே தீர்ந்துவிட்டிருக்கும். அப்படி அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாமென்று நாற்பத்து மூன்றாம் வயதில் யாரோ விற்ற பழைய மட்டைகளை வாங்கிக்கொண்டு பயிற்சித் திடலில் போய் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. வயிறு தள்ளிய நாலு பேர் சின்ன மின்சார வண்டியில் உட்கார்ந்துகொண்டு, அங்கே வராத ஐந்தாவது ஆளைப் பற்றிக் குறை சொன்னார்கள். அவ்வளவுதான். ஆனால் அதற்குள் விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது. சனிக்கிழமை காலையில் பொது மைதானத்தில் ஒன்பது குழி விளையாடிவிட்டு உணவங்காடியில் கோப்பி குடிப்பது வழக்கமாகிவிட்டது. என் கணவர் இறந்த பிறகு அந்த வழக்கம்தான் என்னை வீட்டைவிட்டு வெளியே இழுத்தது.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளையின் அப்பாவும் கோல்ஃப் ஆடுகிறவர் என்று தெரிந்தது. வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தனியார் சங்கத்தில் உறுப்பினர். அந்தச் சங்கத்தின் சின்னம் போட்ட சட்டையைத்தான் நிச்சயதார்த்தத்துக்குப் பூக்கடைக்குப் போகும்போதுகூடப் போட்டிருந்தார். தேக்காவில் பட்டுப்புடவை எடுக்கப் போன அன்று, பெண்கள் எல்லோரும் ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கையில், அவர் கடையின் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று இல்லாத மட்டையை இரு கையாலும் பிடித்து வீசிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் பயந்துபோய் புடவை அடுக்கை நகர்த்தி வைத்தார்.

"சம்பந்திம்மா, நீங்களும் ஆடுவீங்களாமே? நம்ம கிளப்புக்கு ஒருநாள் வாங்க லா. புதுசா ஒரு டிரைவர் வாங்கிருக்கேன். நீங்க பாக்கணும்."

பிறந்த குழந்தையைப் பார்க்கக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். வருகிறேன் என்று சொன்னேன்.

ஒரு புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு முதல் குழியில் நின்றோம். இரண்டே பேர்தான். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, பின்னால் இருவருடைய பைகளும் கட்டப்பட்ட மின்சார வண்டி. முந்தைய நாள் மழை பெய்திருந்தது. புல் ஈரமாக இருந்தது. அவருடைய புது டிரைவருக்கு வெல்வெட் உறை போட்டிருந்தது. உறையைக் கழற்றி, ஒரு துணியால் அதன் முகத்தைத் துடைத்து, என் கையில் கொடுத்துக் கனம் பார்க்கச் சொல்லி, மறுபடி வாங்கித் துடைத்தார். கார்பன், டைட்டானியம், கோணம் என்று ஏதேதோ சொன்னார். அதன் கழுத்தில் ஒரு திருகாணி இருந்தது. சின்னச் சாவியால் அதைத் திருகினால் பந்து போகும் திசையை மாற்றலாமாம்.

எல்லாம் சொல்லி முடித்து அடித்தார். பந்து இடப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போனது.

"வார்ம் அப் ஆகல," என்றார்.

என்னுடையதும் அப்படியொன்றும் யோக்கியமில்லை. முதல் குழியில் என் டிரைவர் பந்தை வலப்பக்கப் புதருக்கு அனுப்பியது. இரண்டாவது குழியில் அதே வலப்பக்கம், இந்தத் தடவை வேலியைத் தாண்டி வெளியே. போன பந்தின் பாதையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். எட்டு வருடமாக ஆடுகிறேன். எத்தனையோ காலை நேரங்களை இந்தப் பெரிய தலைக்காரனைத் திருத்தப் பார்த்து வீணடித்திருக்கிறேன். நிற்கும் விதத்தை மாற்றினேன், பிடியை மாற்றினேன், மூச்சை மாற்றினேன். இன்றைக்கு, இவர் முன்னால், இன்னும் பதினாறு தடவை அவமானப்பட எனக்கு மனமில்லை. மூன்றாவது குழியில் டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு ஆறாம் எண் இரும்பு மட்டையை எடுத்தேன். சின்ன மட்டை. தூரம் போகாது, ஆனால் சொன்ன இடத்துக்குப் போகும். பந்து நூற்றுப் பத்து மீட்டர் போய் நடுப் புல்வெளியில் சமர்த்தாக உட்கார்ந்தது.

சம்பந்தி சிரித்தார்.

"என்ன சம்பந்திம்மா, டிரைவர் எங்க?"

"அது இன்னிக்கு லீவு."

"அப்படில்லாம் விடக்கூடாது. அடிச்சு அடிச்சுத்தான் பழக்கணும். இது கோல்ஃப் இல்ல, இது பயம்."

"பயம்னே வச்சுக்குங்க," என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஆட்டம் சுலபமாகிவிட்டது. சின்ன அடி, இன்னொரு சின்ன அடி, பிறகு குழியை நோக்கி ஒரு தட்டு. அழகில்லை. நின்று பார்த்துக் கைதட்டும்படி எதுவும் இல்லை. அலுவலகத்துக்குப் பேருந்தில் போய் வருவது மாதிரி ஒரு ஆட்டம். ஆனால் ஒவ்வொரு குழியிலும் அவரைவிட இரண்டு அடி, மூன்று அடி குறைவாகவே முடித்தேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவரோ விடவில்லை. மூன்றாவது குழியில் இடப்பக்கக் குளத்தில் ஒரு பந்து. நான்காவதில் இடப்பக்க மணல். அடித்து முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னச் சாவியை எடுத்துத் திருகாணியைத் திருகுவார். "அரை டிகிரி மாத்திட்டேன். இப்ப பாருங்க." ஆட்டத்தின் நடுவே மட்டையை அப்படி மாற்றி அமைக்கக் கூடாது என்பது விதி. பொது மைதானத்தில் ஆடுகிற எனக்கே அது தெரியும். அவர் அமைதியாகத் திருகினார், நான் அமைதியாக வேடிக்கை பார்த்தேன். ஐந்தாவதில் மறுபடி இடப்பக்கம். குற்றம் முதலில் காற்றின் மீது வந்தது, பிறகு ஈரப் புல்லின் மீது. நான் நின்ற இடம் அவர் கண்ணில் பட்டு உறுத்துகிறதாம், அதனால் ஒருமுறை என் மீதும் வந்தது. மட்டை மீதும் வரவில்லை, அவர் மீதும் வரவில்லை. ஒரு மனிதர் முப்பத்தைந்து வருடம் வங்கியில் எப்படி வேலை பார்த்திருப்பார், அவருக்குக் கீழே இருந்தவர்கள் எப்படிப் பிழைத்திருப்பார்கள் என்பதெல்லாம் ஐந்து குழிக்குள் எனக்கு விளங்கிவிட்டது.

அவர் கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கும். வண்டி ஓட்டிக்கொண்டே கல்யாண மண்டபத்தில் எந்தப் பக்கம் யார் உட்கார வேண்டும், டத்தோ பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் வருவார்கள், என் பக்கத்து ஆட்களுக்கு எத்தனை மேசை "தாராளமாகப் போதும்" என்றெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தார். நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். மகளின் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது குழிக்கு வந்தோம். அங்கே பாதை இடப்பக்கமாக வளைகிறது. வளைவில் ஒரு மணல் பள்ளம். அதன் ஓரத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்து, நீண்ட கத்தரியால் புல்விளிம்பை வெட்டிக்கொண்டிருந்தார். தலையில் துணித் தொப்பி, கழுத்தில் துண்டு, எங்களுக்கு முதுகு. எழுபது, எண்பது மீட்டர் இருக்கும்.

சம்பந்தி பந்தை வைத்துவிட்டு மட்டையை வீசிப் பார்த்தார்.

"அங்க ஒரு ஆளு வேலை செஞ்சிட்டிருக்காரு," என்றேன்.

"தெரியுது. நான் வலது பக்கம்தான குறி வைக்கிறேன்."

"கொஞ்சம் நகரச் சொல்லிட்டு அடிக்கலாமே."

"அவனுக்குத் தெரியாததா? தினம் இங்கதான இருக்கான். பின்னாடி வேற ஆளுங்க வந்துட்டாங்க பாருங்க."

பின்னால் உண்மையிலேயே ஒரு வண்டி வந்து நின்றிருந்தது. அதுவரை ஆறு தடவை அந்த மட்டை பந்தை எந்தப் பக்கம் அனுப்பியது என்று நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். கையைத் தட்டி அந்த மனிதரைக் கூப்பிட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், சம்பந்தியின் கண்ணில் படாமல் இருக்க இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

அடித்தார். சத்தம் நன்றாக இருந்தது. பந்து தாழ்வாகக் கிளம்பி இடப்பக்கம் வளைந்தது. பந்து வருகிறது என்று எச்சரிக்க, "ஃபோர்!" என்று நான்தான் கத்தினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதர் சத்தம் கேட்டுத் திரும்பினார். திரும்பியதால் தலையின் பின்பக்கம் தப்பியது. பந்து அவருடைய வலத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே பட்டு, அங்கிருந்து எகிறி, உருண்டு, புல்வெளியின் நட்டநடுவில் போய் நின்றது. அவர் பக்கவாட்டில் சாய்ந்து மணலில் விழுந்தார்.

நான் ஓடினேன். சம்பந்தி வண்டியில் வந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்துவிட்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முகம் வெளுத்திருந்தது. இடக் கையால் வலத் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குதா? கையைத் தூக்க முடியுதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். லேசாதான் பட்டுச்சு," என்று தமிழில் சொன்னார். என் நெற்றிப் பொட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

பின்னால் சம்பந்தியின் குரல் கேட்டது.

"சம்பந்திம்மா, பாத்தீங்களா? பந்து உள்ள வந்துடுச்சு! நட்டநடு ஃபேர்வே!"

திரும்பிப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் ஏதோ ஆட்சேபிக்கப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "ரூல்படி ஆள் மேல பட்டாலும் பந்து எங்க நிக்குதோ அங்கேருந்துதான் ஆடணும். பெனால்ட்டி கிடையாது," என்று சேர்த்துக்கொண்டார்.

விதி அப்படித்தான் சொல்கிறது. அது சரிதான். என் வாழ்க்கையில் ஒரு சரியான வாக்கியத்தைக் கேட்டு இவ்வளவு அருவருப்பு அடைந்ததில்லை.

"இவரை ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போகணும்," என்றேன்.

அடிபட்டவர் பதறினார். "வேணாம் மேடம். சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா ஏன் தள்ளி நிக்கலன்னு என்னைத்தான் கேப்பாரு. நானும் பாக்கல. என் தப்புதான். போன மாசம்தான் இந்த சைட்டுக்கு மாத்தி விட்டாங்க. நீங்க போங்க."

"அவனே சொல்றான்ல," என்றார் சம்பந்தி. தன் பையிலிருந்து குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவருக்கு நீட்டினார். "தண்ணி குடி. நிழல்ல உக்காரு. சரியாப் போயிடும்." பெரிய உதவி செய்துவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். "நிச்சயமா பரவால்லையா?" என்று அந்த மனிதரிடம் இரண்டு முறை கேட்டேன். அவர் இரண்டு முறையும் பரவாயில்லை என்றார். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். மகள், மண்டபம், அழைப்பிதழ், இந்த மனிதரோடு இனி இருபது முப்பது வருடம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உட்கார்ந்து சாப்பிட வேண்டியது எல்லாம் மனதில் ஓடின. எழுந்து, முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

எட்டாவது குழியில் எனக்குள் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. என்ன நினைத்தேனோ, டிரைவரை உருவி எடுத்தேன். யோசிக்காமல், நிற்கும் இடம்கூடப் பார்க்காமல் ஓங்கி அடித்தேன். பந்து நேராக, நேராக, எட்டு வருடத்தில் ஒருநாளும் போகாத தூரம் போய் விழுந்தது.

"அப்படிப் போடுங்க!" என்று சம்பந்தி கைதட்டினார்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. இருநூறு மீட்டருக்குப் பின்னால் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருக்கிறார். நான் ஒரு பந்து நேராகப் போனதற்காகச் சந்தோஷப்பட்டேன். ஒரு கணம்தான். ஆனால் முழுசாகப் பட்டேன். பந்து உள்ளே வந்துவிட்டது என்று கூவியவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தக் குழி முழுவதும் யோசித்துக்கொண்டு நடந்தேன். அவர் பக்கத்தில் வண்டியில் உட்காரப் பிடிக்கவில்லை.

ஒன்பதாவது குழியை நான் ஆடவில்லை. அவர் பந்தை வைத்து மட்டையை வீசிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வண்டியின் பின்னால் போய் அவருடைய பையின் வாரை அவிழ்த்தேன். கனமான பை. இரண்டு கையாலும் தூக்கிப் புல் மேல் வைத்தேன்.

"என்ன பண்றீங்க?"

"நான் போய் அவரைப் பாத்துட்டு வர்றேன்."

"யாரை? அட, அவன்தான் ஒண்ணுமில்லன்னுட்டானே! இன்னும் பத்துக் குழி இருக்கு சம்பந்திம்மா. வண்டி இல்லாம நான் எப்படி ஆடுறது?"

"நடங்க," என்றேன்.

நிச்சயதார்த்தத்திலிருந்து அன்றுவரை அவரிடம் நான் பேசியதிலேயே சுருக்கமான பேச்சு அதுதான். வண்டியைத் திருப்பி வந்த வழியே ஓட்டினேன். எதிரே வந்த ஆட்டக்காரர்கள் ஏதோ சத்தம் போட்டார்கள். கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் நிழலில் இல்லை. அதே மணல் பள்ளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, கத்தரியின் ஒரு பிடியைத் தொடையில் அழுத்தி, மறுபிடியை இடக் கையால் இயக்கி வெட்டிக்கொண்டிருந்தார். வலக் கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. சட்டை முழுக்க வேர்வை. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

"கையைத் தூக்குங்க பாப்போம்," என்றேன்.

தூக்கவில்லை. "முடியலக்கா," என்றார்.

வண்டியில் ஏற்றிச் சங்கக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனேன். முகப்பில் இருந்த பெண் முதலில் என்னிடம், தொழிலாளிகள் முன்வாசல் வழியாக வரக் கூடாது என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்தாள். மேற்பார்வையாளரைக் கூப்பிடுகிறோம், அவர் வந்து பார்த்துக்கொள்வார் என்றார்கள். எப்போது வருவார் என்றால் வேறொரு இடத்தில் இருக்கிறார், மதியத்துக்குள் வருவார் என்றார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று என் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, அவரை என் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அவர் இருக்கை அழுக்காகிவிடும் என்று முதுகைச் சாய்க்காமலே உட்கார்ந்து வந்தார். எவ்வளவு சொல்லியும் சாயவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். காறை எலும்பில் விரிசல். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது.

காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. இரு குடும்பமும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் சம்பந்தி எழுதியிருந்தார். பச்சைப் புல்வெளியின் படம் ஒன்று. கீழே, "சம்பந்தியம்மா பாதி ஆட்டத்தில் எஸ்கேப்! மீதியைத் தனியாக முடித்தேன். டிரைவர் கடைசியில் வழிக்கு வந்துவிட்டது." அவருடைய மனைவி அதற்குக் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்.

நடந்ததை எழுதினேன். அடைமொழி எதுவும் சேர்க்கவில்லை. சம்பந்தி அடித்த பந்து ஒரு தொழிலாளியின் மேல் பட்டது, எலும்பில் விரிசல், நான் அவரோடு மருத்துவமனையில் இருக்கிறேன், நானும் ஏழாவது, எட்டாவது குழிகளை ஆடி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் போனேன். நான்கே வரி. இரு பக்கத்துச் சொந்தமும் இருபத்திரண்டு பேர் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

மகள்தான் முதலில் கூப்பிட்டாள்.

"அம்மா, வாட் இஸ் திஸ்? அவங்ககிட்ட தனியா சொல்லக் கூடாதா? குரூப்ல போய் எழுதணுமா? வெட்டிங்குக்கு மூணு மாசம்தான் இருக்கு மா!"

"அவரும் குரூப்லதானே எழுதினாரு."

"அவர் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாதா? நீங்களுமா? இப்ப நான் அங்க போய் எப்படி முகத்தைக் காட்டுறது?"

அழுதாள். அவளைக் குறை சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் வாழப் போகிறவள் அவள். கைப்பேசியை வைத்துவிட்டு, எழுதியதை அழித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை கூப்பிட்டான்.

"அத்தை, எந்த ஹாஸ்பிடல்?"

அரைமணி நேரத்தில் அலுவலகச் சட்டையோடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்து நின்றான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக அவரிடம் போய், "அண்ணே, உங்க மேல பட்டது எங்க அப்பா அடிச்ச பந்து," என்றான். அவர் கூச்சத்தோடு எழப் பார்த்தார். இவன் அவரை உட்கார வைத்துவிட்டு, ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டு, கீழே போய் ரொட்டியும் மைலோவும் வாங்கி வந்தான்.

மேற்பார்வையாளர் மூன்று மணிக்கு வந்தார். ஒரு படிவத்தை எடுத்தார். ஈரத்தில் வழுக்கி விழுந்ததாக எழுதிவிட்டால் எல்லோருக்கும் சுலபம் என்று மெதுவாகச் சொன்னார். அடிபட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னான்: "வழுக்கி விழவில்லை. கோல்ஃப் பந்து பட்டது. அடித்தவர் என் அப்பா. பெயரை எழுதிக்கொள்ளுங்கள்." எழுத்தெழுத்தாகச் சொன்னான். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். நான், "எழுதுங்க," என்றேன்.

அந்தக் குடும்பத்தின் மேல் ஒட்டுமொத்தமாக எனக்கு வந்திருந்த வெறுப்பிலிருந்து ஒருவனை அன்று வெளியே எடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

சங்கம் சம்பந்திக்கு ஒரு கடிதம் அனுப்பியது. சில வாரம் விளையாட வர வேண்டாம் என்று சொன்னார்கள். அது அவருக்குப் பெரிய அடி. மகனோடு இருபது நாள் பேசவில்லை. என்னோடு பேசினார். அது இன்னும் கொடுமை. "உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்று நான் ஏதோ மன்னிப்புக் கேட்டுவிட்டது போலத் தொலைபேசியில் சொன்னார். அடிபட்டவருக்கு ஒரு பழக்கூடை அனுப்பினார், கண்ணாடித் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, மகன் கையில் கொடுத்து. நேரில் போகவில்லை. தொழிலாளர் தங்கும் விடுதியில் அறைக்குப் பன்னிரண்டு பேராம். ஆளுக்குப் பாதி ஆப்பிள் வந்ததாக அவர் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் நானும் அவரைத் தேக்காவில் சந்தித்தோம். தொழிலாளர்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் விடுமுறை, சிராங்கூன் சாலையில் நடக்க இடமிருக்காது. இலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஒரு மூலை கிடைத்தது. கைக்கட்டு அவிழ்த்துவிட்டிருந்தார்கள். வலக் கையாலேயே சாப்பிட்டார், கொஞ்சம் மெதுவாக. அவரை வேறொரு பூங்காவுக்கு மாற்றிவிட்டார்கள். சாலையோரம் செடி வைக்கும் வேலை. அங்கே நிழல் குறைவு என்றார். புகாராகச் சொல்லவில்லை.

மோர் ஊற்றும்போது அவரிடம் சொன்னேன். "நீங்க அங்க உக்காந்திருந்ததை நான் முன்னாடியே பாத்தேன். ஒரு தடவைதான் அவர்கிட்ட சொன்னேன். உங்களைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருக்கணும். போடல."

அவர் இலையைப் பார்த்தபடி, "நீங்க கூப்பிட்டிருந்தாலும் மெஷின் சத்தத்துல எனக்குக் கேட்டிருக்காதுக்கா," என்றார்.

அன்று அங்கே எந்த இயந்திரமும் ஓடவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் இன்னும் கொஞ்சம் மோர் வாங்கிக்கொண்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. என் பக்கத்து ஆட்களுக்கு மேசை போதவில்லை. போன மாதம் செங்காங்கில் பிள்ளைகளுக்குப் புது வீட்டுச் சாவி கிடைத்து, பால் காய்ச்சினோம். மகள் என்னிடம் எப்போதோ சமாதானமாகிவிட்டாள். இப்போதெல்லாம் மாமனாரைப் பற்றி அவளே என்னிடம் சொல்லிச் சிரிக்கிறாள். நான் சிரிக்காமல் கேட்டுக்கொள்கிறேன்.

பால் காய்ச்சிய அன்று சமையலறையில் சம்பந்தியும் நானும் மட்டும் சில நிமிடம் நிற்க வேண்டியதாயிற்று. அவர் காப்பியை ஊதி ஊதிக் குடித்தார். கூரையைப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார். பிறகு, அந்தப் புதன்கிழமைக்குப் பின் முதல் தடவையாகக் கேட்டார்.

"அந்த ஆளு இப்ப எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கார்," என்றேன்.

"நல்லா இருக்கான்ல? அப்ப சரி," என்றவர், சன்னல் கம்பி ஒழுங்காகப் பொருத்தியிருக்கிறார்களா என்று பார்க்கப் போய்விட்டார்.